பேச்சிக்கு ஆதரவு யார்?

1

போன வாரம் என் மகள் மீனாவின் பள்ளிக்கூடத்தில் கட்டணச் சலுகைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தனுப்பினார்கள். இங்கே சிங்கப்பூரில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவள் எழுத எழுத, இது என்ன, அது என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் சம்பளத்தை நம்பி இருப்பவர்கள் யார் யார் என்று ஓரிடத்தில் கேட்டிருந்தார்கள்.

"அம்மா, நான், தம்பி. முடிஞ்சிருச்சு" என்றாள் மீனா.

"அத்தையைப் போடு."

"எந்த ஆன்ட்டி?"

"பேச்சி அத்தை. ஊர்ல இருக்குல்ல, கால் நடக்க வராம."

"அப்பா, இந்த வீட்டுல இருக்கிறவங்களைத்தான் கேக்குறாங்க. சும்மா எழுதக் கூடாது."

எனக்கு மனது கேட்கவில்லை. எழுதாமல் விட்டு நாளைக்கு அது தப்பு என்று வந்தால்? எழுதி அதுவே தப்பு என்று வந்தால்? மறுநாள் வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட ஆபீஸுக்கே போனேன். அங்கிருந்த சீனத்துப் பெண்மணியிடம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சிஸ்டர், இந்தியா, லெக் நோ குட், ஐ செண்ட் மணி" என்றேன். என் காலையும் தட்டிக் காட்டினேன். எனக்குத்தான் கால் வலி என்று நினைத்து அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மீனா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே தண்ணீர் மாதிரி நாலு வார்த்தை பேசினாள். இந்தியாவில் இருப்பவர் கணக்கில் வரமாட்டார் என்று பதில் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே குழப்பம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் தாலுகா ஆபீஸில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். அண்ணன் நான் இருப்பதால் என் தங்கை ஆதரவுள்ளவள், ஆகையால் அவளுக்கு உதவித்தொகை கிடையாது என்றார்கள். அங்கே நான் அவளைத் தாங்குகிறவன். இங்கே அவள் என்னை நம்பி இருப்பவள் இல்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் சரியாக இருக்கும்? யோசித்து யோசித்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் சமையல் செய்யும் கேண்டீனில் அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தம்பிக்குக் கரும்பு ஆலையில் கை போய்விட்டது. "அண்ணே, ஊனமுற்றோர் பணத்துக்கு எழுதிப் போட்டா இழுத்தடிக்காம கிடைக்க என்னண்ணே வழி? ஒங்க தங்கச்சிக்கு வாங்கப் போனீகளே" என்று கேட்டார். வாயால் சொன்னேன். சொன்னதில் ஏதும் விட்டிருப்பேனோ என்று அன்று முழுக்க உறுத்தல். நம் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்கு உதவும் என்று எழுதுகிறேன். இப்போது கிராமக் கணக்குப் பார்த்த கர்ணம் வேலையையே எடுத்துவிட்டு கிராம நிர்வாக அதிகாரி என்று வைத்திருக்கிறார்களாம். விதிகளும் மாறியிருக்கலாம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

2

எழுமலைக்கு மேற்கே எங்கள் ஊர். பேச்சிக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. கையை ஊன்றி நகர்ந்தே வீடு முழுக்கப் போவாள், அடுப்படியில் சமைப்பாள், வியாபாரி கொண்டுவந்து போடும் கடலையை உடைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவாள். தண்ணீர் எடுப்பது, கடைக்குப் போவது எல்லாம் அம்மா. அப்பா எப்போதோ போய்விட்டார்.

அம்மாவும் போய் ஒரு வருஷம் ஆகி, திதி கொடுக்க இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். அந்த ஒரு வருஷமும் அக்கம்பக்கத்தார் தயவில்தான் பேச்சிக்கு ஓடியிருந்தது. போன நாளே சித்தப்பா வந்து முடிவாகச் சொன்னார்.

"ஒத்தப் பொம்பளைய இப்படி விட முடியாதுப்பா. வீட்டைப் பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வரச் சொல்லு. மாட்டுக் கொட்டம் பக்கத்துல விறகு போட்டு வைக்கிற ஒரு சாய்ப்பு இருக்கு."

பேச்சி கடலை உடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "அங்க சோறு இருக்கும் சித்தப்பா. என் அடுப்பு இருக்காதே."

அப்போது நான் அனுப்பும் பணம் ஒரு மாதம் போகும், இரண்டு மாதம் நிற்கும். கேண்டீன் கைமாறிக்கொண்டே இருந்த காலம். மீனாவுக்கும் அப்போது மூன்று வயது. மாதா மாதம் நிச்சயமாக ஏதாவது வந்தால், பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுத்துத் தண்ணீரும் சாமானும் எடுத்து வைக்கச் சொல்லலாம், பேச்சி அவள் வீட்டிலேயே இருக்கலாம். நான் கப்பல் ஏறுவதற்குள் அரசாங்க உதவித்தொகைக்கு உத்தரவு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டி, அவளைச் சித்தப்பா வீட்டுச் சாய்ப்பில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இதுதான் நிலைமை.

துணைக்கு வந்தவன் சோலை. என் அத்தை மகன். மாட்டுவண்டி வைத்திருந்தான். பேச்சியை எங்கே கூட்டிப் போவதானாலும் அவன் வண்டிதான். அவன் இருந்தால் சிரிப்புக்குக் குறைவில்லை, காரியம் நடக்குமா என்பதுதான் தெரியாது.

3

தாலுகா ஆபீஸில் மனுவோடு ஊனம் தெரிகிற மாதிரி போட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோவுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததுதான் கோளாறு. பேச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்குப் பவுடர் போடச் சொல்லி, சேலையைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டு, முன்னால் ஒரு குட்டி மேசையும் அதன் மேல் பிளாஸ்டிக் பூ ஜாடியும் வைத்து எடுத்துக் கொடுத்தார். படம் அழகாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

ஆபீஸில் குமாஸ்தா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஊனம் எங்கம்மா இருக்கு?"

"மேசைக்குப் பின்னாடி இருக்குங்க" என்றான் சோலை.

மறுபடி எடுக்கச் சொன்னதற்குப் பேச்சி ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். "ஊரான் பாக்குற போட்டோல காலை நீட்டிக்கிட்டு உக்காரவா? பணமே வேணாம் போண்ணே." அவள் சொல்வதில் எனக்கும் தப்புத் தெரியவில்லை. குமாஸ்தா கேட்டதிலும் தப்பு இல்லை. கடைசியில் ஸ்டுடியோக்காரரின் சம்சாரமே வந்து, எங்களை வெளியே நிறுத்திவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் மட்டும் ஏற்றிச் செருகி, தன் கையாலேயே படம் எடுத்துக் கொடுத்தார். அதற்குள் எத்தனையோ நாள் ஓடிவிட்டது. பெண்பிள்ளைக்குப் படம் எடுப்பதென்றால் முதலிலேயே ஒரு பெண்ணைக் கூட்டிப் போங்கள்.

டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு மதுரைக்குப் போனதும் இப்படித்தான். பேச்சியைத் தூக்கி பஸ் ஏற்றி, தூக்கி இறக்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்த பிறகுதான், சர்ட்டிபிகேட் கொடுப்பது வாரத்தில் ஒரு நாள், அது நேற்று என்று தெரிந்தது. யார் மேலும் கோபப்பட வழியில்லை. நாங்கள்தான் கேட்டுக்கொண்டு போகவில்லை. மறுவாரம் மறுபடி தூக்கிக்கொண்டு போய் வாங்கினேன்.

4

இங்கே சிங்கப்பூரில் என் நாள் அடுப்போடு ஆரம்பிக்கும். கப்பல் பட்டறைத் தொழிலாளிகளுக்கு விடிவதற்குள் பரோட்டா, சாம்பார். வீட்டிலிருந்து கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, படி இறங்கி, மறுபடி ஏறி இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். என் வீட்டுக்காரி சிரிப்பாள். பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கும். அது எனக்குப் புரியாது, புரிய வைக்கவும் மாட்டார்கள். போன மாதம் பேச்சி அனுப்பிய கடலை மிட்டாயை மீனா மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். யார் அனுப்பியது என்றும் கேட்கவில்லை.

இந்த ஊரில் ஆபீஸ்காரர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை. நாம்தான் போய் நம்பர் சீட்டு வாங்கி உட்கார வேண்டும். ஒருவகையில் அது நல்லது. அன்றைக்குப் பேச்சியின் மனுவை விசாரித்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. என்பார்கள், எங்கள் வீட்டுக்கு வராமல், எங்களைக் கூப்பிட்டு விசாரித்திருந்தால் காரியம் முன்னாலேயே முடிந்திருக்கும்.

விசாரணைக்கு வருகிறார் என்று கர்ணம் முந்தின நாளே சொல்லிவிட்டார். உடனே பேச்சிக்குப் பரபரப்பு வந்துவிட்டது.

"அதிகாரி வீடு தேடி வாராரு. வெறுந்தரையிலயா உக்கார வைக்கிறது? அண்ணே, மில்லுக்காரர் வீட்டுல ரெண்டு சேர் கேட்டு வாங்கு. மச்சான், ஒங்க வீட்டுல நிக்கிற கோழியப் புடிச்சுட்டு வாங்க."

"அது முட்டை வைக்கிற கோழி புள்ள" என்றான் சோலை.

"நாளைக்கு மட்டும் வைக்காது."

காலையில் வீடு சாணம் மெழுகிப் பளிச்சென்று இருந்தது. நான் கொண்டுபோயிருந்த நைலக்ஸ் சேலையைப் பேச்சி கட்டியிருந்தாள். சோலையின் சம்சாரம் தன் தோட்டைக் கழற்றி அவள் காதில் போட்டுவிட்டாள். டேப் ரிக்கார்டரை ஜன்னலில் வைத்துச் சன்னமாகப் பாட்டுப் போட்டிருந்தேன். தெருவே கோழிக் குழம்பு வாசம்.

வந்தவர் ஒல்லியான, அமைதியான மனிதர். சாப்பிட மறுத்துவிட்டார். பேச்சி கெஞ்சியதால் கலர் சோடா மட்டும் குடித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"ஒனக்கு ஆதரவு யாரும்மா?"

"எங்கண்ணேன் இருக்குய்யா. சிங்கப்பூர்ல இருக்கு. எனக்கு என்ன கொறை?"

"மாசாமாசம் பணம் வருதா?"

"வராம? கேட்டா அனுப்பும், கேக்காமலும் அனுப்பும்."

"இந்தச் சேரெல்லாம்?"

"நம்மளுதுதான்யா. நல்லா சாஞ்சு உக்காருங்க."

இரவல் வாங்கியது என்று விருந்தாளியிடம் யார் சொல்வார்கள்? நானும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். போகும்போது அவர் என் தோளைத் தொட்டு, "தங்கச்சிய நல்லா வச்சிருக்கீங்க தம்பி" என்றார். அன்று சாயங்காலம் வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை. காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

நாலாம் நாள் கர்ணம் கூப்பிட்டு அனுப்பினார். "என்னப்பா, பொண்ணு பாக்க வந்தவுகள உபசரிச்ச மாதிரியில்ல அவரை உபசரிச்சிருக்கீக. வசதி உண்டு, ஆதரவு உண்டு, மனுவைத் தள்ளலாம்னு எழுதிட்டாரு. எழுதாம என்ன செய்வாரு? கண்ணால பாத்ததைத்தான எழுதுவாரு."

5

கர்ணம் ஒரு வழி சொன்னார். இன்னும் சில நாளில் ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி தாலுகா ஆபீஸில் வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைப் பார்ப்பார், ஜனங்களிடம் நேரிலேயே மனு வாங்குவார். அங்கே பேச்சியைக் கொண்டுபோய் விடுங்கள். யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், யாருமே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், முடிந்தது என்றார்.

பேச்சியிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"உசுரோட இருக்கிற அண்ணனை இல்லேன்னு என் வாயால சொல்லவா? கடல் தாண்டிப் போற ஆளு. வழியில ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா? செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான் புள்ள" என்றான் சோலை.

"அப்ப ஒங்களுக்குப் பொண்டாட்டி இல்லேன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க மச்சான். பாப்போம்."

சோலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு வேறு பயம். அண்ணன் என்பவன் ஆதரவில் சேர்த்தியா, இல்லையா? கர்ணம் சேர்த்தி என்றார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, வயது வந்த மகன் இருந்தால்தான் கிடையாது, அண்ணன் தம்பி எல்லாம் பார்க்க மாட்டார்கள் என்றார். மனு எழுதிக் கொடுப்பவர், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அண்ணன்தான் ஆதரவு, ஆனால் அவன் தனிக் குடும்பமாக இருந்தால் வேறு கதை என்றார். மூன்று பேரும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவள் பொய் சொல்லக் கூடாது, உள்ளதைச் சொன்னால் கிடைக்காது. அவள் நான் இருக்கிறேன் என்று சொன்னால் அந்தச் சாய்ப்புக்குப் போக வேண்டும், இல்லை என்று சொன்னால் சொந்த வீட்டில் இருக்கலாம். அப்படியானால் நான் இருப்பது அவளுக்கு நல்லதா கெட்டதா? சித்தப்பா வேறு அந்தச் சாய்ப்பில் இருந்த விறகை எடுத்து வெளியே அடுக்க ஆரம்பித்திருந்தார்.

6

ஜமாபந்தி அன்று தாலுகா ஆபீஸ் வாசலில் தேர்க்கூட்டம் மாதிரி ஜனம். பட்டா, பாதை, வாய்க்கால் என்று ஆளுக்கொரு மனு. இந்த முறை தோடு கிடையாது, நைலக்ஸ் கிடையாது. கடலை உடைக்கும்போது கட்டுகிற சேலையிலேயே பேச்சி வந்தாள். அதை நான் சொல்லவில்லை. அவளாகத்தான் கட்டினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்டேன். "கேக்கட்டும், பாப்போம்" என்றாள்.

எங்கள் ஊர் பேரைக் கூப்பிட்டதும் நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரியின் மேசைக்கு முன்னால் இறக்கினேன். வயசான மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். பழைய அறிக்கையைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஒனக்கு யாரும்மா இருக்காங்க?"

பேச்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் வேண்டினேன். சொல்லிவிடாதே என்றும் வேண்டினேன்.

"அண்ணேன் இருக்குங்கய்யா. ஆனா இங்கன இல்ல."

"அப்ப தூக்கிட்டு வந்த இவரு?"

"இதுதாங்கய்யா அண்ணேன். இன்னைக்கு இருக்கு. வெள்ளிக்கிழமை கப்பலுக்குப் போயிரும். அதுக்குன்னு ஒரு குடும்பம் அங்கன இருக்கு. அனுப்புற மாசம் அனுப்பும், முடியாத மாசம் அது என்ன செய்யும்? எனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க, கதவு சாத்த, ஆளு கெடையாது. அண்ணேன் இருந்தும் நான் தனியாத்தான்யா இருக்கேன்."

நாலு பேருக்கு முன்னால் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டிலும் பேசியதில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"அந்த ஆர்.ஐ. வந்தப்ப இதை ஏம்மா சொல்லலை?"

"வீட்டுக்கு வந்த மனுசங்கய்யா அவரு. அவருகிட்டப் போய் கொறை சொல்லுவாகளா?"

அவர் சிரித்ததாகத்தான் ஞாபகம். அறிக்கையின் ஓரத்தில் ஏதோ எழுதினார். அண்ணன் வெளிநாட்டில் தனிக் குடும்பம், ஊரில் ஆதரவு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். நான் கப்பல் ஏறும் வரை உத்தரவு கைக்கு வரவில்லை. சித்தப்பாவிடம் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஆவணியில் முதல் மணியார்டர் வந்ததாகச் சோலை எழுதியிருந்தான். சாய்ப்பில் சித்தப்பா மறுபடி விறகை அடுக்கிவிட்டாராம். ஆகவே, அலங்காநல்லூர்க்காரருக்கு நான் சொல்வது இதுதான். விசாரிக்க வருகிறவரை விருந்தாளியாக நினைக்காதீர்கள். இல்லை என்று பொய்யும் சொல்லாதீர்கள். யார் எங்கே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள், என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்று உள்ளபடி முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்வது கஷ்டம். பக்கத்தில் நின்று கேட்பது அதைவிடக் கஷ்டமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜமாபந்தி அன்றைக்கு அதோடு முடியவில்லை. பேச்சி சொன்னதை வாக்குமூலமாக எழுதி, அவள் கைநாட்டு வைத்ததும், குமாஸ்தா தலையை நிமிர்த்தினார்.

"இந்த அம்மாவுக்கு ஊர்ல ஆதரவு இல்லைன்னு சாட்சிக் கையெழுத்து வேணும். யாரு கூட வந்திருக்கிறது?"

சோலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். பின்னால் ஜனம் நெருக்கியது. நான்தான் நின்றேன்.

"நீங்க போடுங்க. ஆனா உள்ளூர் ஆளாத்தான் இருக்கணும். உள்ளூரா, வெளியூரா?"

இப்போதுதானே இங்கே இல்லாதவன் என்று எழுதினார்கள். உள்ளூர் என்றால் அவளுடைய மனு பொய்யாகிவிடும். வெளியூர் என்றால் இன்னொரு நாள் இழுத்துவிடும். பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தேன்.

கீழே தரையில் இருந்தபடி பேச்சி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"உள்ளூருதாங்கய்யா. எங்க வீட்டு ஆளு. நீ போடுண்ணே."

போட்டேன்.